கஸ்பார் மச்சாது சொன்ன பொய்கள்

செப்டம்பர் 30

அப்பாவை நேற்று அடக்கம் செய்தோம். இன்று காலையிலிருந்து ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். இப்போதுதான் உட்கார இடம் கிடைத்தது, சமையலறை ஸ்டூலில். சென்னையில் என்றால் தினமும் நாலு வரி எழுதுவேன். இங்கேயும் எழுதினால் மனசு ஒரு நிலைக்கு வரும் என்று பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து அம்மாவோடு திரும்பி வந்திருக்கிறார். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் அப்படியே சரிந்துவிட்டார். பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா பால் வாங்க வெளியே வந்தபோது, அம்மா தரையில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாளாம். கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. அப்பா அம்மாவின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாராம்.

பங்குசாமி நேற்று பிரசங்கத்தில், கஸ்பார் மச்சாது என்று முழுப் பேரோடு, அப்பாவின் வாழ்க்கையைச் சொன்னார். பதினெட்டு வயதில் கடற்படை. பதினைந்து வருடம் எஞ்சின் ரூம். பிறகு இதே தூத்துக்குடியில் உப்புக் கம்பெனி பம்ப் மெக்கானிக். ஒரு நாள்கூடத் தவறாத காலைப் பூசை, சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபமாலை, சனிக்கிழமை தோறும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். எல்லாம் சரிதான். கேட்டுக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

அம்மா அழவில்லை. வந்தவர்கள் எல்லாரிடமும் காப்பி குடிக்கிறீங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "பெர்பேத்துவம்மாளுக்கு என்ன விசுவாசம் பாருங்க" என்று ஒரு சிஸ்டர் சொன்னார்.

அக்டோபர் 1

கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டரைக் காணோம். வீடு முழுக்கத் தேடி, கடைசியில் அப்பாவின் ஸ்பானர் பெட்டியில் கிடைத்தது. எஞ்சின் ரூம் ஆள் அல்லவா, எதையும் கழற்றி வைத்தால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது.

முன்கதவில் புதிதாக ஒரு தாழ்ப்பாள், நான் எக்கினால்தான் எட்டும். அம்மாவுக்கு எட்டவே எட்டாது. தம்பி அலோய் அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றான்.

அக்டோபர் 3

தம்பி துபாய்க்குத் திரும்பிவிட்டான். முப்பதாம் நாள் பூசைக்கு வர லீவு கிடைக்காது என்றான். ஆட்டோவில் ஏறுமுன் சொன்னான்:

"அக்கா, அப்பாவைக் குறை சொல்லக் கூடாது. ஆனா அம்மாவ அவர் ஜெயில்லதான் வச்சிருந்தார். ஒரு கல்யாணம் காட்சிக்கு விட்டாரா? போன்ல நம்மகிட்ட பேச விட்டாரா? இனியாச்சும் அம்மா நிம்மதியா இருக்கட்டும்."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வார். அம்மாவிடம் கொடுங்கள் என்றால், குளிக்கிறாள், தூங்குகிறாள், ஜெசிந்தா வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஏதாவது ஒன்று. அதுவும் அவர் குரல். எஞ்சின் இரைச்சலில் காது மந்தமாகிப்போனதால் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். ஒரு வாக்கியம் பேசினாலும் திட்டுகிற மாதிரி இருக்கும். கடைசி இரண்டு வருடம் நான் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் வந்தேன். பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வேதியியல் முழுக்க என் தலையில்தான். நினைத்த நேரத்தில் கிளம்பிவர முடியவில்லை.

அக்டோபர் 4

துணி ஊறவைத்தேன். இறப்புச் சான்றிதழுக்கு அலைந்தேன். அம்மா மத்தியானம் மூன்று தட்டு வைத்தாள். பழக்கம்.

அக்டோபர் 6

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் அம்மா எனக்கு முன்பே எழுந்து, சேலை மாற்றி, முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பூசைக்குப் போக வேண்டும் என்றாள். எனக்கு உடம்பு முழுக்க வலி. தாழ்ப்பாளை எக்கித் திறந்துவிட்டு, "நீங்களே போயிட்டு வாங்கம்மா. யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். அம்மா சிரித்தாள். நல்லது செய்துவிட்டோம் என்று நினைத்தேன். படுத்துத் தூங்கியும் விட்டேன்.

விழித்தபோது வெயில் ஏறிவிட்டது. அம்மா வந்திருக்கவில்லை. யாருடனாவது பேசிக்கொண்டிருப்பாள் என்று இட்லி ஊற்றினேன். அப்புறம் கோவிலுக்குப் போய்ப் பார்த்தேன். பூசைக்கே வரவில்லை என்று உபதேசியார் சொன்னார். அங்கிருந்து ஓட ஆரம்பித்தேன். ரோசலி அத்தை வீடு, மீன் மார்க்கெட், கடற்கரை ரோடு, ஒன்றும் இல்லை. ஜெசிந்தா அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரு ஐஸ் கம்பெனி வாசலில் நின்றபடி என் வீட்டுக்காரர் ராபினுக்குப் போன் செய்தேன். அவர் சென்னையில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

அப்போது மொபெட்டில் பேச்சிமுத்து மாமா வந்தார். அப்பாவோடு ஒரே கப்பலில் வேலை பார்த்தவர். இங்கே மேலூரில்தான் இருக்கிறார். ஜெசிந்தா அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"ஸ்டேஷன்ல பாத்தியாம்மா?"

"எந்த ஸ்டேஷன் மாமா? போலீசுக்கு இன்னும் சொல்லலை."

"போலீஸ் இல்ல. ரயில்வே ஸ்டேஷன். ஏறு வண்டில."

பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தலையில் புதிதாக மல்லிகைப்பூ. காசு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, பூக்காரி சும்மா கொடுத்திருக்கலாம். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள், முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுப்பதுபோல. "எங்க வீட்டுக்கார்ரு கப்பல்லருந்து லீவுல வாராவ. வண்டி லேட்டாம்" என்றாள்.

மாமாதான் குனிந்து, "வண்டி நாளைக்குத்தான் மதினி. மச்சாது தந்தி அடிச்சிருக்கான். வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றார். அம்மா உடனே எழுந்து வந்தாள்.

அவர் அதைச் சொன்ன விதம். அது அவர் முதல்முறையாகச் சொல்வது அல்ல.

அக்டோபர் 7

பேச்சிமுத்து மாமாவைக் காலையிலேயே வரச் சொன்னேன். அம்மா உள்ளே கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். நாங்கள் முன்னறையில் உட்கார்ந்தோம்.

"எத்தனை நாளா மாமா?"

"நாலு வருசம் இருக்கும். திருநெல்வேலியில ஒரு டாக்டர்ட்ட காட்டினான். படிப்படியா எல்லாம் மறந்துபோகும், திரும்பி வராதுன்னு அவர் சொல்லிட்டாரு. பஸ்ல திரும்பி வரும்போது உங்கம்மைதான் கேட்டிருக்காவ, பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம்னு. தெரிஞ்சா என்னைப் பாக்குற பார்வை மாறிப்போகும், பைத்தியக்காரிய பாக்குற மாதிரி பாப்பாவ, நான் கும்பிட்டுக் கேக்கேன்னு. மச்சாது மாதா மேல சத்தியம் பண்ணிட்டான்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"சத்தியம்னா அவனுக்கு அது சத்தியம்தாம்மா."

கேஸ் ரெகுலேட்டர் ஏன் ஸ்பானர் பெட்டிக்குப் போனது என்று சொன்னார். அம்மா ஒரு நாள் அடுப்பைத் திறந்துவிட்டுத் தீக்குச்சியைத் தேடி அடுத்த அறைக்குப் போய்விட்டாளாம். தாழ்ப்பாள் முதல் தடவை ஸ்டேஷனுக்குப் போனபிறகு போட்டது. கல்யாண வீடுகளுக்குப் போகாமல் நின்றது, ஒரு விருந்தில் அம்மா சொந்தத் தங்கச்சியைப் பார்த்து நீங்க யாரு என்று கேட்டதிலிருந்து. சமையல், துவையல், அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னுவது எல்லாம் அப்பா. வெளி ஆள் வந்தால் மட்டும் அம்மா கையில் கரண்டியைக் கொடுத்து அடுப்பு முன்னால் நிறுத்துவாராம்.

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வந்தபோதும் அப்படித்தான் இருந்திருக்கும். "அம்மா சமையல்னா தனிதான்" என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அப்பா குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"நீங்க எப்படி மாமா இதுல?"

"அவன் சனிக்கிழம பாவசங்கீர்த்தனத்துக்குப் போவணும்லா. அந்த நேரம் மதினிகூட ஒரு ஆள் இருக்கணும். நான் வந்து உக்காந்துக்குவேன். வாரா வாரம் நீ என்னல பாவம் பண்ணுதேன்னு ஒருக்கா கேலியா கேட்டேன். சிரிக்கல. 'பிள்ளைககிட்ட பொய் சொல்லுதேன்லா'ன்னான்."

நான் எழுந்து உள்ளே போய் அம்மாவின் துணிகளைப் பீரோவில் வைத்தேன்.

அக்டோபர் 8

பள்ளிக்கு லீவை நீட்டிக்கக் கேட்டேன். தூங்கினேன்.

அக்டோபர் 11

சனிக்கிழமை. மாமா வழக்கம்போல வந்தார். இனி பாவசங்கீர்த்தனத்துக்குப் போக ஆள் இல்லை, ஆனாலும் வந்தார்.

சாயங்காலம் ஜெபமாலையில் ஒரு சிக்கல். இந்த வாரம் முழுக்கவே அது நடக்கிறது. அம்மாவுக்கு ஜெபம் ஒரு சொல்கூட மறக்கவில்லை. ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து. கையிலிருந்து மாலையை வாங்கினால் விரலை எண்ணிக்கொண்டு சொல்கிறாள். உதடு காய்ந்து, குரல் கட்டி, களைத்துச் சாயும்வரை. நான் முந்தாநாள் சத்தம் போட்டுவிட்டேன். அம்மா பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இன்று மாமா அம்மா பக்கத்தில் போய் உரத்த குரலில், "பினிஷ்ட் வித் எஞ்சின்ஸ்" என்றார். கப்பல் துறைமுகத்துக்குள் வந்து கட்டியபிறகு மேலிருந்து எஞ்சின் ரூமுக்கு வரும் உத்தரவாம் அது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். தினமும் ராத்திரி அப்பா இப்படிக் கத்தித்தான் ஜெபத்தை நிறுத்துவாராம். அம்மா சட்டென்று நிறுத்தினாள். சிரித்து, சிலுவை போட்டுக்கொண்டு, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டாள்.

மாமாவுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். "அப்பாவுக்கு அலுப்பே வந்ததில்லையா?" என்று கேட்டேன். நல்ல பதில் வரும் என்று நினைத்துக் கேட்கவில்லை.

அவர் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கைக்கு மேல் காட்டினார். தோல் சுருங்கி மெழுகு மாதிரி இருந்தது. "ஸ்டீம் பைப் வெடிச்சு ரெண்டு கையும் வெந்துபோச்சு. கரை சேர நாளாச்சு. உங்கப்பன் அவன் டூட்டியும் பாத்து, என் டூட்டியும் பாத்து, எனக்குச் சோறும் ஊட்டினான். கால் கழுவி விட்டான். ஒருநாள் ஊட்டிக்கிட்டே இருக்கும்போது தட்டைத் தூக்கி எறிஞ்சான். என்னால முடியல பேச்சின்னு சொன்னான். அப்புறம் சிந்துன சோத்தைக் கூட்டி அள்ளிட்டு, வேற தட்டுல போட்டுக் கொண்டாந்தான். அலுப்பு வராத ஆளெல்லாம் கிடையாதும்மா அவன்."

"இங்கேயும் வந்ததா?"

"சங்கீர்த்தனம் முடிஞ்சதும் நேரா வர மாட்டான். கடற்கரையில கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் வருவான். கண்ணு செவந்திருக்கும். கடக்காத்துன்னு சொல்லுவான். நானும் ஆமான்னுருவேன்."

அக்டோபர் 15

அலோயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை வருஷமா என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு சிஸ்டர்கள் நடத்தும் ஒரு இல்லம் இருக்கிறது, நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றான். அவன் சொன்னது தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யோசிக்கலாம் என்றேன். அவன் போனை வைக்கவில்லை. "அக்கா, நான் ஜெயில்னு சொன்னேன்ல" என்றான். அழுகிறான் என்று தெரிந்தது. எனக்கு அடுப்பில் பால் இருந்தது.

அக்டோபர் 19

அம்மாவுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். நான் பின்னினால் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். எனக்கு வேகம் போதாது போல.

மழை. துணி காயவில்லை.

அக்டோபர் 23

அப்பாவின் தங்கை ரோசலி அத்தை வந்தார். முப்பதாம் நாள் பூசைக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று பேசினோம். போகும்போது வாசலில் நின்று, தெருவில் ஜனம் பேசுவதைச் சொன்னார்.

"எங்க அண்ணன்தான். ஆனா நடந்ததை நடந்தபடிதானே சொல்லணும். பெண்டாட்டிய பூட்டிப் போட்டவன்னு ஊரு சொல்லுது. பூசைக்குக்கூட கைதிய இழுத்துட்டுப் போற மாதிரி கையப் புடிச்சு இழுத்துட்டுப் போவான். ராத்திரியில சத்தம் போடுவான்னு நாலு வீட்டுக்குக் கேக்கும். அந்தப் பிள்ள ஒரு வார்த்த எதுத்துப் பேசினது உண்டா? பயந்து பயந்துதான் புத்தி மந்தமாயிப் போச்சு அவளுக்கு."

வாய்வரை வந்தது. அம்மா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். "காப்பி குடிக்கிறீங்களா?" என்று அத்தையிடம் கேட்டாள்.

நான் சொல்லவில்லை.

அக்டோபர் 25

மாமாவிடம் கேட்டேன். சொன்னால் அப்பாவின் பேர் தப்பிக்கும், ஆனால் அம்மா கும்பிட்டுக் கேட்டது போய்விடும். சொல்லாவிட்டால் அப்பா இந்தத் தெருவில் இப்படியே நின்றுபோவார்.

மாமா யோசித்துவிட்டுச் சொன்னார்: "சத்தியம் பண்ணினது அவன். நீ பண்ணல. ஆனா அதுக்காக சொல்லுன்னும் நான் சொல்ல மாட்டேன். அவன் பேரப் பத்தி அவனுக்குக் கவலை இருந்ததில்ல. அவனுக்கு இருந்த பயம் வேற. நான் போயிட்டா இவள யார் பாப்பான்னு. அதுக்கு என்ன செய்யணுமோ அத செய்யி."

ராபின் போன் செய்தார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வா என்கிறார். நல்ல மனுஷர். எங்கள் பிளாட் மூன்றாவது மாடி. யோசிக்கவே சோர்வாக இருக்கிறது.

அக்டோபர் 28

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. வீட்டில் அப்பாவின் சொந்தக்காரர்கள், தெருப் பெண்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள். பேச்சிமுத்து மாமா வாளியில் சாம்பார் எடுத்துப் பரிமாறினார்.

பந்தி நடக்கும்போது அம்மா இலையின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டினேன். பேச்சு குறைந்தது. ரோசலி அத்தை எதிர் இலையில் இருந்து, "பாத்தீங்களா, எப்படி ஆக்கி வச்சிட்டுப் போயிருக்கான் பாருங்க" என்றார்.

அப்போது சொன்னேன். திட்டமிட்டதெல்லாம் இல்லை. கையில் சோற்றோடுதான் சொன்னேன்.

"அத்தை, அப்பா அம்மாவ பூட்டி வைக்கல. அம்மாவுக்கு நோய். நாலு வருஷமா. தன் பிள்ளைகளையே அம்மாவுக்கு அடையாளம் தெரியல. கையப் புடிச்சிருந்தது இழுத்துட்டுப் போக இல்ல, விட்டா காணாமப் போயிருவாங்கன்னு. உங்க யாருக்கும் தெரிய வேண்டாம்னு அம்மாதான் கேட்டாங்க. அப்பா சாகிற வரைக்கும் சொல்லல. நான் இப்போ சொல்றேன். ஏன்னா என்னால தனியா முடியல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அம்மா வாயைத் திறந்து அடுத்த கவளத்துக்குக் காத்திருந்தாள். கொடுத்தேன்.

அத்தை சாப்பிடாமல் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். பந்தி முடிந்து போய்ப் பார்த்தால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். "நாலு வருசம் அவன்கிட்ட நான் முகம் கொடுத்துப் பேசல" என்றார். பிறகு பாத்திரங்களை எல்லாம் இழுத்துப் போட்டுத் துலக்க ஆரம்பித்தார். தனியாக. யாரையும் தொடவிடவில்லை.

அக்டோபர் 30

ஜெசிந்தா அக்கா காலையில் வந்து அம்மாவைப் பூசைக்குக் கூட்டிப்போனார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான். நாளைக்கு அத்தையாம். அவர்களே பேசி வைத்திருக்கிறார்கள்.

சிலர் ஜன்னலில் எட்டிப் பார்க்கவும் செய்கிறார்கள். எதிர்வீட்டுச் சின்னப் பெண் அம்மாவைக் கண்டதும் ஓடி உள்ளே போனாள். அம்மா பயந்தது இதற்குத்தான். அதையும் எழுதி வைக்கிறேன்.

பள்ளியில் டிசம்பர்வரை சம்பளமில்லா லீவு தந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இங்கேயா, சென்னையா, சிஸ்டர்கள் இல்லமா, தெரியாது. அலோய் கிறிஸ்துமஸுக்கு வந்து மூன்று மாதம் இருப்பதாகச் சொல்கிறான். வரட்டும்.

இன்று காலை தனியாக ஒரு டீ குடித்தேன். சூடாக.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். அம்மாவைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று நேற்று முழுக்க அத்தையோடு பேச்சு. பார்த்தால் தாங்க மாட்டாள் என்றார் அத்தை. கடைசியில் நான்தான் முடிவு செய்தேன். வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

சாயங்காலம் கூட்டம் அதிகம். எல்லாக் கல்லறைக்கும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி போட்டு, மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். அப்பாவுடையது இன்னும் மண்மேடுதான். தலைமாட்டில் மரச் சிலுவை, அதில் கறுப்புப் பெயிண்டில் பேர். மாமா ஏற்கெனவே வந்து புல்லைப் பிடுங்கி ஒதுக்கியிருந்தார்.

"அம்மா, இதுதான் அப்பா" என்றேன். பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. சிலுவைக்குப் பக்கத்தில் குனிந்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "க... கஸ்பார். மச்சாது." நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு சந்தோஷம்.

"எங்க வீட்டுக்கார்ரு பேரும் இதுதான்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். மாமா கடல் இருக்கும் பக்கம் பார்த்தார்.

அம்மா என் கையிலிருந்த மெழுகுதிரியை வாங்கினாள். நான் கையைப் பிடித்துக்கொள்ள, பக்கத்துக் கல்லறைச் சுடரில் பற்றவைத்து, மண்ணில் நேராக ஊன்றினாள். காற்றுக்கு அணையாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்:

"இந்த மனுசனுக்குப் பெண்டாட்டி இருக்காளா?"

"இருக்காங்கம்மா."

"பாவம்" என்றாள் அம்மா. "அவளுக்கும் ஒரு திரி ஏத்து."

ஏற்றினேன்.